காற்றின் கண்ணை மூடிய கதை: குளிர் நாட்டு யன்னல்களின் வரலாறு

நாங்கள் தினமும் சொல்கிற "யன்னல்" போர்த்துக்கேயர் விட்டுச் சென்ற சொல். அவர்களுடைய "ஜனேலா" தமிழில் யன்னலாகவும் சிங்களத்தில் ஜனேலயவாகவும் மாறியது. அதற்கும் முன்பே தமிழில் "காலதர்" என்று ஒரு சொல் இருந்தது. கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. ஆங்கிலேயர் சொல்லும் "விண்டோ" பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் பொருள் "காற்றின் கண்".

இரண்டு மொழிகளும் யன்னலுக்குக் காற்றை வைத்தே பெயரிட்டன. ஆனால் எங்களுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். குளிர் நாட்டவருக்கோ, வருடத்தில் பாதி நாள் அந்தக் காற்றோடுதான் போராட்டம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பலர் இன்று லண்டனிலும் டொரொன்டோவிலும் குடும்பமாக இருக்கிறார்கள். ஆகவே இது அவர்களுடைய வீட்டுக் கதையும்தான்.

ஐரோப்பாவில் நீண்ட காலம் கண்ணாடி என்பது தேவாலயங்களுக்கும் பிரபுக்களின் மாளிகைகளுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. ஏழை வீட்டு யன்னல் சுவரில் ஒரு சிறிய துவாரம், அதற்கு ஒரு மரக் கதவு, அவ்வளவுதான். கொஞ்சம் வசதியுள்ளவர்கள் எண்ணெய் தடவிய துணியையோ கடதாசியையோ, பதப்படுத்திய மாட்டின் சிறுநீர்ப்பையையோ சட்டத்தில் இழுத்துக் கட்டினார்கள். மங்கலான வெளிச்சம் வரும், வெளியே எதுவும் தெரியாது. ரஷ்யாவில் மைக்கா என்ற கனிமத்தைத் தகடு தகடாகப் பிரித்து யன்னலில் பொருத்தினார்கள். "மஸ்கோவி கண்ணாடி" என்று வெளிநாட்டவர் அதை அழைத்தார்கள். விஞ்ஞானப் பாடத்தில் வரும் "மஸ்கோவைட்" என்ற பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

கண்ணாடி மலிவாகத் தொடங்கிய காலத்தில் இங்கிலாந்தில் அரசாங்கமே குறுக்கே வந்தது. 1696இல் யன்னல்களின் எண்ணிக்கையைப் பார்த்து வீடுகளுக்கு வரி விதித்தார்கள். வரிக்குப் பயந்து மக்கள் யன்னல்களைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். பல குடும்பங்கள் வாடகைக்கு நெருங்கி வாழ்ந்த கட்டடங்களின் வரியைக் குறைக்க உரிமையாளர்களும் அதையே செய்தார்கள். இருட்டிலும் புழுக்கத்திலும் நோய் பரவுகிறது என்று மருத்துவர்கள் தொடர்ந்து எதிர்த்தார்கள். அந்த வரி 1851இல்தான் நீங்கியது. 155 வருடங்கள்! அடைத்த யன்னல்களின் அடையாளத்தைப் பழைய ஆங்கிலேய வீடுகளில் இன்றும் காணலாம்.

குளிர்காலத்துக்காக யன்னலைத் தயார் செய்வதை ஒரு குடும்ப வேலையாகவே ஆக்கியவர்கள் ரஷ்யர்கள். இலையுதிர் காலம் முடியும்போது ஒவ்வொரு யன்னலுக்கும் இரண்டாவது சட்டமொன்றைப் பூட்டுவார்கள். இரண்டு சட்டங்களுக்கும் நடுவே கீழே பஞ்சு வைப்பார்கள். ஈரத்தை உறிஞ்ச உப்போ கரியோ வைப்பவர்களும் உண்டு. பிறகு இடுக்குகளையெல்லாம் பசை தடவிய கடதாசிக் கீற்றுகளால் ஒட்டி மூடுவார்கள். வசந்தம் வந்ததும் எல்லாவற்றையும் கிழித்துக் கழுவி யன்னலைத் திறக்கும் நாள் வீட்டுக்கே சந்தோசமான நாள்.

கொரியாவிலும் இதே போன்ற வழக்கம் இருந்தது. இலையுதிர் காலத்தில் கதவிலும் யன்னலிலும் உள்ள பழைய கடதாசியைக் கிழித்து, மரச் சட்டத்தைக் கழுவிக் காயவைத்து, மாப்பசையால் புதிய "ஹன்ஜி" கடதாசியை ஒட்டுவார்கள். அடிக்கடி கை படும் பிடிக்கருகில் காய்ந்த இலையையோ பூவையோ வைத்து இன்னொரு கடதாசியும் ஒட்டுவார்கள். அந்த இடத்துக்குப் பலமும் கிடைத்தது, அழகும் கிடைத்தது.

இந்த வேலைகளுக்குப் பின்னால் உள்ள விஞ்ஞானம் ஒன்றுதான். அசையாமல் நிற்கும் காற்று, கண்ணாடியை விட முப்பது மடங்குக்கும் குறைவாகவே வெப்பத்தைக் கடத்தும். இரண்டு சட்டங்களுக்கு நடுவே காற்றை அடைத்துவிட்டால் அதுவே போர்வை. 1865இல் நியூயோர்க்கைச் சேர்ந்த தோமஸ் ஸ்டெட்சன் இரண்டு கண்ணாடிகளை விளிம்பில் ஒட்டி ஒன்றாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1973இல் எண்ணெய் விலை ஏறி, வீட்டைச் சூடாக்கும் செலவு கைக்கு எட்டாமல் போன பிறகு, இரட்டைக் கண்ணாடி மேற்கு நாடுகளின் சாதாரண வீடுகளிலும் வேகமாகப் பரவியது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ரஷ்யர்கள் யன்னல் முழுவதையும் ஒட்டி மூடினாலும் மேலே "ஃபோர்தொச்கா" என்ற சிறிய கதவொன்றைத் திறக்கும்படி விட்டார்கள். எவ்வளவு குளிர் என்றாலும் அதைக் கொஞ்ச நேரம் திறந்து வீட்டுக் காற்றை மாற்றுவார்கள். கொரியரின் கடதாசி ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும். இங்கிலாந்தில் அடுப்பின் புகைபோக்கி அந்த வேலையைச் செய்தது. குளிரை அடைத்தாலும் மூச்சுக்கு ஒரு வழி விட்டார்கள் அந்த முன்னோர்கள்.

அந்த வழி அடைபட்டால் என்ன நடக்கும்? சமைக்கும் ஆவி, குளிக்கும் ஆவி, காயப் போட்ட உடுப்பின் ஈரம், எங்கள் மூச்சு எல்லாம் வீட்டுக்குள்ளேயே தங்கி, குளிர்ந்த சுவரிலும் யன்னல் ஓரத்திலும் தண்ணீராகப் படியும். அதில் கறுப்புப் பூஞ்சணம் பிடிக்கும்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் ரொச்டேல் நகரில் அவாப் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. சூடானிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. வீட்டில் பூஞ்சணம் இருப்பதாகத் தகப்பன் 2017இலேயே முறையிட்டிருந்தார். மேலே பெயின்ட் பூசச் சொன்னார்கள். போதிய காற்றோட்டம் இல்லாத அந்த வீட்டுப் பூஞ்சணத்தை நீண்ட காலம் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார். அந்தக் குடும்பத்தின் வாழ்க்கை முறையைப் பற்றித் தவறாக ஊகித்துவிட்டதாக வீட்டை வாடகைக்குக் கொடுத்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. இதன் பிறகுதான், சமூக வீடுகளில் ஈரத்தையும் பூஞ்சணத்தையும் குறித்த காலத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்ற விதி 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்ந்தது. "அவாப் சட்டம்" என்று அதற்குப் பெயர். 1851இல் மருத்துவர்கள் சொன்னதைத்தான் ஒரு குழந்தை உயிரைக் கொடுத்து மீண்டும் சொல்லவேண்டி இருந்தது.

வெளிநாட்டில் இருக்கும் உறவுகளே, யன்னல் இடுக்குகளை அடையுங்கள், தடித்த திரை போடுங்கள், அதில் தவறில்லை. ஆனால் யன்னலின் மேல் சட்டத்தில் உள்ள சிறிய காற்றுத் துவாரத்தைக் குளிருக்காக அடைக்க வேண்டாம். சமைக்கும்போதும் குளிக்கும்போதும் காற்றாடியைப் போடுங்கள். காலையில் பத்து நிமிடம் யன்னலைத் திறந்து விடுங்கள். கண்ணாடியில் படியும் தண்ணீரைத் துடையுங்கள். கரி அடுப்பை ஒருபோதும் வீட்டுக்குள் மூட்ட வேண்டாம், அதன் நச்சு வாயுவுக்கு மணமே இல்லை. சுவரில் பூஞ்சணம் கண்டால் படம் எடுத்து, திகதியிட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்தில் முறையிடுங்கள். "நீங்கள் வாழும் முறைதான் காரணம்" என்று யாரும் சொன்னால் வெட்கப்பட்டு மௌனமாக இருந்துவிடாதீர்கள்.

ஊரில் இருக்கும் உம்மா வாப்பாமாரே, அடுத்த முறை வீடியோ கோலில் பிள்ளைகளோடு பேசும்போது சாப்பாட்டை விசாரிப்பதோடு, பேரப்பிள்ளை தூங்கும் அறையின் யன்னலையும் ஒருக்கா காட்டச் சொல்லுங்கள்.