ஒட்டுத்துணி: சேர்வராயன் மலையிலிருந்து சில குறிப்புகள்

பகல் 11 மணிக்கும் மூடுபனி விலகாத ஒரு டிசம்பர் நாளில் ஏற்காடு கடைத்தெருவில் ஒரு தையல்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மிஷினின் காலடியில் ஒரு சாக்கு. கத்தரியிலிருந்து உதிர்ந்ததெல்லாம் அதற்குள் கிடந்தது. பாவாடை ஓரம், பள்ளிச் சீருடையின் நீலம், ரவிக்கையின் கைவளைவில் வெட்டி விழுந்த பிறைகள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துவிட்டு வந்த ஒரு பெண் வாசலிலிருந்தே, "அண்ணா, பிட்டு சேந்திருக்குங்களா?" என்று கேட்டாள். "எடுத்துக்கம்மா, நாளைக்குக் கொட்டிரலாம்னு இருந்தேன்" என்றார் தையற்காரர். மகள் வயிற்றுப் பேரனுக்கு அடியில் போட ஒரு விரிப்பு தைக்கவாம். எவ்வளவு பெரிசு என்று நான் கேட்டதற்கு, "பிட்டு எவ்வளவு இருக்கோ அவ்வளவுங்க" என்றாள்.

இந்தப் பதிலிலிருந்துதான் இந்தக் கட்டுரை. அளவு முதலில், துணி பிறகு என்பது தையலின் நியதி. இங்கே துணி முதலில், அளவு கடைசியில். இப்படித் தைக்கப்படும் ஒரு பொருளுக்குத் தமிழில் சரித்திரம் எழுதப்படவில்லை. அதற்கு நிலையான ஒரு பெயர்கூட இல்லை. ஒட்டுத்துணி, கந்தை விரிப்பு, பிட்டு மெத்தை என்று வாய்க்கு வந்தபடி சொல்கிறோம். வங்காளத்தில் காந்தா என்றால் யாருக்கும் தெரியும். மராத்தியில் கோதடி, கன்னடத்தில் கௌதி. நமக்கு மட்டும் ஏன் இல்லை? வெயில் நாடு, போர்வை தேவைப்படாது என்பது சுலபமான பதில். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் அந்தப் பதில் செல்லாது.

மலையில் குளிருக்குக் கம்பளி இருந்தது. சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் (மலையை ஆள்கிறவர்கள்; கேரளத்தோடு சம்பந்தமில்லை) காஞ்சியிலிருந்து வந்து மலையேறியவர்கள் என்பது அவர்களுடைய ஐதீகம். சகோதரர் மூவர் பிரிந்து சேர்வராயனுக்கும் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்களாம். 1909-ல் ஏழு தொகுதிகளாக வந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் இவர்கள் தலைப்பாகையும் கம்பளியுமாகத் தோன்றுகிறார்கள். பகலில் அங்கி, மழையில் குடை, இரவில் படுக்கை எல்லாம் அந்தக் கம்பளிதான். சென்னை மியூசியத்தின் தலைவராக இருந்தவர் தர்ஸ்டன். மூக்கை அளந்தார், மண்டையை அளந்தார். குழந்தை எதன்மேல் படுத்திருந்தது என்பது அந்த அளவுகோலுக்குள் வரும் விஷயமல்ல. தோட்டத் தொழிலாளர் விஷயத்தில் கம்பளி சட்டத்திலேயே ஏறிற்று. 1951-ம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 17-வது பிரிவு, மழைக்கும் குளிருக்கும் பாதுகாப்பாகக் குடை, கம்பளி, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி தரவேண்டுமென்று மாநில அரசு விதி செய்யலாம் என்றது. ஆரம்பத்தில் அந்தச் சட்டம் 25 ஏக்கருக்கும் 30 ஆட்களுக்கும் குறையாத தோட்டங்களுக்குத்தான். அதைவிடச் சின்னத் தோட்டத்தில் குளிர் கொஞ்சம் குறைவாக அடிக்கும் என்று நினைத்தார்கள் போலும்.

ஆனால் கம்பளி வேறு, ஒட்டுத்துணி வேறு. கம்பளி வாங்கப்படுவது அல்லது கொடுக்கப்படுவது. ஒட்டுத்துணி மிச்சத்திலிருந்து வருவது. மிச்சம் என்று ஒன்று இருந்தால்தானே அது வரும்? நம்மிடம் மிச்சம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

தமிழில் துணிக்கு உள்ள சொற்களைப் பாருங்கள். துணி என்றால் துணிக்கப்பட்டது, வெட்டப்பட்டது. துண்டு சொல்லவே வேண்டாம். பழந்தமிழில் அறுவை, அறுக்கப்பட்டது. சங்கப் புலவர்களில் ஒருவர் மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்; தொழிலால் துணி வியாபாரி. இத்தனை வெட்டு நம் சொல்லில் இருக்கிறது. உடையில் வெட்டு இல்லை. தறியிலிருந்து அறுத்து எடுப்பதோடு கத்தியின் வேலை முடிந்தது. புடவையும் வேட்டியும் உடம்பின் நீளத்துக்கே நெய்யப்பட்டவை. கட்டுவது, மடிப்பது, செருகுவது எல்லாம் துணியைக் காயப்படுத்தாமல் நடக்கிற காரியம். வெட்டினால்தான் பிட்டு. வெட்டாத சமூகத்தில் மிச்சம் இல்லை, கிழிசல்தான் உண்டு.

இது முழு உண்மை ஆகாது. சிலப்பதிகாரத்துப் புகாரில் துன்னகாரர் இருக்கிறார்கள். துன்னம் என்றால் தையல். பொருநராற்றுப்படையில் கரிகாலனிடம் வருகிற பொருநன் உடுத்தியிருப்பது தைத்துத் தைத்து வேற்றிழை ஊடுருவிய கந்தல். வேர்வையில் நனைந்தது, ஈரும் பேனும் குடியிருப்பது. அரசன் அதைக் களையச் செய்து, இழை ஓடும் வழி கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, பாம்புச் சட்டை போன்ற அறுவையைக் கொடுக்கிறான். உரையாசிரியர்களும் மேடைப் பேச்சாளர்களும் அந்த மெல்லிய துணியில் மயங்கி நம் நெசவின் பெருமை பேசியிருக்கிறார்கள். களையப்பட்ட கந்தலைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை யார் தைத்தார்கள்? வேற்றிழை எங்கிருந்து வந்தது? புலவன் அதைக் கூர்ந்து பார்த்திருக்கிறான், இல்லாவிட்டால் நூல் வேறாக இருப்பது தெரிந்திருக்காது. வறுமைக்கு அடையாளமாகத்தான் பார்த்தான் என்பதும் நிஜம். தமிழில் ஒட்டுக்கு நேர்ந்த கதி அங்கேயே தொடங்கிவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. அது களையப்படுவதற்காகவே இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான பார்வையும் இந்த மண்ணுக்கு அந்நியமல்ல. பௌத்தத் துறவியின் சீவரம் குப்பையில் கிடந்த துணிகளை வெட்டி மூட்டியது. மகத நாட்டு வயல்களையும் வரப்புகளையும் போல அதை அமைக்கும்படி புத்தர் ஆனந்தரிடம் சொன்னதாக விநயபிடகம் கூறுகிறது. வெட்டுவதற்கு அங்கே சொல்லப்படும் காரணம் கூர்மையானது. கத்தி பட்ட துணியை யாரும் இச்சிக்க மாட்டார்கள், திருடன்கூட. வெட்டு துணியின் விலையைக் கொல்கிறது. விலை செத்த துணி துறவிக்கு ஆகும். காஞ்சியிலும் நாகப்பட்டினத்திலும் பல நூற்றாண்டுகள் பௌத்தம் இருந்தது. அது போனபோது ஒட்டின் கௌரவமும் போய், பிச்சைக்காரனின் கந்தையே மிஞ்சிற்று. தமிழ்க் கந்தையும் சமஸ்கிருத கந்தாவும் வங்கக் காந்தாவும் உறவுச் சொற்கள். வங்கத்தில் அது கலையாயிற்று. இங்கே கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியாயிற்று.

ஒட்டுக்கலையே தமிழில் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. தேருக்கும் கோயில் மண்டபத்துக்கும் தொங்கவிடுகிற தொம்பைகள், விதானங்கள் தஞ்சைப் பக்கத்தில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்துச் செய்யப்படுகின்றன. புதுத் துணியில் செய்தது தெய்வத்துக்கு. உடம்புக்கு மிஞ்சியது பழந்துணி. பழம்புடவையின் பயணம் எல்லோருக்கும் தெரியும். கட்டிக் கட்டி நைந்தபின் தூளி, தூளிக்குப் பின் நாலாக மடித்த விரிப்பு, பிறகு கரித்துணி. எங்கள் வீட்டில் இந்தப் படிகளில் ஒன்றைத் தாண்டிக் குதித்தால் பாட்டிக்குக் கோபம் வரும். அடுத்தவர் உடுத்த துணியோ, அவரவர் சாதிக்கும் மடிக்கும் ஏற்ப, தீட்டு. பல வீட்டுத் துணிகள் ஒரே விரிப்பில் கலப்பது சுலபமான காரியமல்ல. பின்னால் எவர்சில்வர் வந்தது. பழைய புடவைக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் கூவிக்கொண்டு வந்தபோது விரிப்பாக வேண்டிய புடவைகள் டம்ளர்களாயின. ஒட்டுத்துணியின் தமிழ்ச் சரித்திரத்தில் அந்தப் பாத்திரக்காரருக்கு ஓர் அத்தியாயம் தரவேண்டும்.

இனி மலையடிவாரம். சேலம் நெசவாளிகளின் ஊர். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து கம்பெனியின் கைக்கு வந்தது. இங்கே துணி கொள்முதல் செய்யக் கம்பெனி ஒரு வர்த்தக அதிகாரியை வைத்திருந்தது. அதற்கு வெகு முன்பே சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி, சாயவேரின் சிவப்போடு, ஐரோப்பாவின் படுக்கையறைகளைப் பிடித்துவிட்டிருந்தது. இங்கிலாந்து பயந்தது. 1700-ல் ஒரு சட்டம், 1721-ல் இன்னொன்று. முதலாவது இறக்குமதியையும் இரண்டாவது உடுத்துவதையுமே தடுத்தது. தடுக்கப்பட்ட துணியின் துணுக்குகூட விலைமதிப்புள்ளதாகும் அல்லவா? இங்கிலாந்தில் எஞ்சியிருக்கும் ஒட்டுத்துணி விரிப்புகளில் மிகப் பழையது என்று கருதப்படுவது லெவன்ஸ் ஹால் என்ற மாளிகையில் உள்ளது. வழிவழியாகச் சொல்லப்படும் வருஷம் 1708, இரண்டு தடைகளுக்கும் நடுவே. எண்கோணமும் சிலுவையுமாக வெட்டி அடுக்கிய அதன் துண்டுகள் இந்தியச் சீட்டி. நாம் வெட்டாமல் உடுத்திய காலத்தில், நம் துணியை அங்கே வெட்டிச் சேர்த்துவைத்தார்கள். புத்தர் சொன்னது தலைகீழாயிற்று. கத்தி பட்ட துண்டைத்தான் இச்சித்தார்கள்.

பிறகு நடந்தது தெரிந்த கதை. 1813-ல் கம்பெனியின் இந்திய வர்த்தக ஏகபோகம் போயிற்று, 1833-ல் வர்த்தகமே போயிற்று, மான்செஸ்டர் துணி வந்தது. சேலத்துத் தறிகளுக்கு இறங்குமுகம் தொடங்கிய அதே 1820-களில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலையில் காப்பியை நட்டார். கீழே துணி இறங்க, மேலே காப்பி ஏறிற்று. காப்பியோடு துரைமார் பங்களாக்களும் கான்வென்டுகளும் வந்தன. 1917-ல் மான்ட்ஃபோர்ட் பள்ளி. இவை கொண்டுவந்த விஷயங்களில் நமக்கு இங்கே முக்கியமானது கத்தரிக்கோல். சட்டை, கால்சராய், கவுன், சீருடை எல்லாம் வெட்டித் தைப்பவை. 1851-ல் ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்ற இயந்திரம் அந்த வெட்டுக்கு வேகம் கொடுத்தது. மிஷின் இருக்கிற இடத்தில் பிட்டு விழும். குளிரும் பிட்டும் ஓரிடத்தில் சந்தித்தது மலையில்தான்.

சந்தித்தும் அது ஒரு மரபாக உருக்கொள்ளவில்லை. எப்படி உருக்கொள்ளும் என்பதற்கு அதிக தூரம் போகவேண்டாம். வடகன்னட மாவட்டத்தின் காடுகளில், ஹளியாள், எல்லாபுரம் பக்கங்களில் சித்தி மக்கள் இருக்கிறார்கள். போர்த்துகீசியரும் பிறரும் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்கள். அவர்களுடைய பெண்கள் தைக்கும் கவந்திக்கு வரைபடம் கிடையாது. ஒரு பழம்புடவையைத் தரையில் விரித்து, ஒரு மூலையில் முதல் பிட்டை வைத்து, ஓரத்தை உள்ளே மடித்து நூலோட்டம் போட ஆரம்பிக்கிறார்கள். ஓரமாகவே சுற்றிச் சுற்றி உள்ளே வந்து நடுவில் முடிக்கிறார்கள். ஒவ்வொரு பிட்டும் பக்கத்துப் பிட்டின் விளிம்பை மூடிக்கொண்டு உட்காருகிறது. அடுத்தது என்ன நிறம் என்பதை, இப்போது வைத்ததைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். நாலு மூலையிலும் மடித்த முக்கோணமாகப் பூ. அது இல்லாவிட்டால் கவந்தி அம்மணம் என்பார்களாம். குழந்தைக்கானதில் சின்னச் சின்னப் பிட்டுகள் நெருக்கமாக, நிறங்கள் கண்ணைப் பறிக்கும்படி. அமெரிக்க ஆய்வாளர் ஹென்றி ட்ரூவல் இவற்றைப் பதிவு செய்தார். 2004-ல் அந்தப் பெண்களுக்கு ஒரு கூட்டுறவு அமைப்பும் வந்தது.

இங்கேதான் நமக்குள்ளே ஒரு சண்டை போடவேண்டியிருக்கிறது. 1971-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியம் அமெரிக்க ஒட்டுத்துணிப் போர்வைகளைச் சுவரில் நேராகத் தொங்கவிட்டு, அரூப ஓவியத்தின் முன்னோடிகளாகக் காட்டியது. 2002-ல் அலபாமாவின் ஜீஸ் பெண்ட் என்ற கறுப்பர் கிராமத்துப் பெண்களின் போர்வைகளுக்கும் அதே சுவர் கிடைத்தது. வயலில் உழைத்துக் கிழிந்த கால்சராயின் முழங்கால், நிறம் மங்கியபடியே, அங்கே ஒரு வண்ணத் தளமாக மாறியது. சந்தோஷம்தான். ஆனால் ஓவியத்துக்கு ஒப்பாக இருப்பதால்தான் அது பார்க்கத் தகுந்தது என்றால், பார்வை இன்னும் ஓவியத்திடமே அடகு கிடக்கிறது. அந்தப் பெண்கள் அரூபத்தை நாடியதாகச் சொல்வது ஒரு விமர்சகப் பொய். அவர்கள் காற்றை அடைத்தார்கள். அடைக்கும்போது இந்த நீலத்துக்குப் பக்கத்தில் இந்தப் பழுப்பு என்று தீர்மானித்தார்கள். இரண்டும் ஒரே கைவேலை. காற்றை விட்டுவிட்டுத் தீர்மானத்தை மட்டும் சுவரில் மாட்டுவது சங்கப் பாட்டிலிருந்து பொருநனின் பசியை எடுத்துவிட்டு உவமையைப் படிப்பது மாதிரி. ஜீஸ் பெண்டில் பணம் யாருக்குப் போயிற்று என்று 2007-ல் சில பெண்கள் கோர்ட்டுக்கே போனார்கள். நம் பக்கத்திலும் இந்தப் பிரிவினை உண்டு. 1966-ல் தொடங்கிய சோழமண்டல் ஓவியர் கிராமத்தில் பாத்திக் துணி செய்து விற்ற காசில்தான் ஓவியம் வாழ்ந்தது. சோறு போட்ட துணி கைவினை, சோறு போடாத கான்வாஸ் கலை. அந்தத் துணிகளைப் பற்றி யார் எழுதினோம்?

மறுநாள் அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் வேலையைப் பார்த்தேன். அடியில் பழைய வேட்டி ஒன்று, நடுவில் கிழிந்த ஸ்வெட்டரைப் பிரித்துப் பரப்பியது, மேலே பிட்டுகள். ரவிக்கைப் பிறைகளை என்ன செய்வாள் என்பதுதான் எனக்கு ஆவல். நேர்விளிம்பு இல்லாத துண்டை வைத்துத் தைப்பது சிரமம். இரண்டு பிறைகளை முதுகோடு முதுகாகத் திருப்பி வைத்திருந்தாள். நடுவில் விழுந்த இடைவெளிக்குச் சீருடை நீலம். ஒரு பக்கம் ஒரு சாண் குறைந்தது. "அது கால்மாடு, பரவால்லைங்க" என்றாள். பேரன் வளர்ந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். அதற்குள் இது கிழிந்து கால்மிதியாகிவிடும், வேறு தைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.