எத்தனை நாள் ஆகும்? ஓல்டு ஏர்போர்ட் ரோடு சொல்லும் கணக்கு

தொம்மலூர் ஃப்ளைஓவரை விட்டு ஓல்டு ஏர்போர்ட் ரோட்டில் கிழக்கே போனால் முதலில் கோடிஹள்ளியில் என்.ஏ.எல். வரும். அதையும் தாண்டினால் ஹெச்.ஏ.எல். 2008 மே மாதம் வரை ஊருக்கே ஏர்போர்ட்டாக இருந்த ஓடுபாதை அங்கேதான். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நம்மைப் போல பொட்டி தட்டுகிற கூட்டம். "இந்த ஆணியைப் புடுங்க எத்தனை நாள் ஆகும்?" என்று தினமும் யாராவது நம்மைக் கேட்கிறார்கள். அதற்கு ஒரு நல்ல பாடம் இந்த ரோட்டிலேயே இருக்கிறது.

1983ல் இலகுரகப் போர் விமானத் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் தந்தது. ஒதுக்கிய பணம் 560 கோடி. பின்னாளில் தேஜஸ் என்று பெயர் வாங்கியது இதுதான். 1990 ஏப்ரலில் முதல் பறப்பு, 1995ல் விமானப்படையில் சேர்ப்பு என்பது ஆரம்பத் திட்டம். நடந்தது என்ன? முதன்முதலில் பறந்தது 2001 ஜனவரி 4. விமானப்படையில் சேர்ந்தது 2016 ஜூலை 1. இருபத்தோரு வருஷம் தாமதம்!

"கவர்மென்ட் வேலைன்னா அப்படித்தான்" என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். நம் நாட்டில் வடிவமைத்த முந்தைய போர் விமானமான மாருத் முதலில் பறந்தது 1961ல். அதற்கப்புறம் பெரிய இடைவெளி. புது விமானத்திலோ கணினி வழிக் கட்டுப்பாடு, கார்பன் கலவை உடல் என்று பலதும் இங்கே முதல் முறை. அதைவிட முக்கியம், இந்த விமானம் எப்படி இருக்க வேண்டும் என்று விமானப்படை தன் தேவையை எழுதி முடித்ததே 1985ல்தான். பெண் பார்க்கும் முன்பே வளைகாப்புக்கு நாள் குறித்த கதை. நம்ம ஆபீஸ் மாதிரியே இருக்கிறது இல்லையா? :-)

1993ல் ஒரு நல்ல முடிவு எடுத்தார்கள். மொத்தத்தையும் ஒரே மூச்சில் கட்டாமல், முதலில் இரண்டு சோதனை விமானங்களைச் செய்து பார்ப்பது, தொழில்நுட்பம் கைக்கு வந்தபிறகு அடுத்த கட்டம். அதில் முதலாவது 1995 நவம்பர் 17 அன்று ஹேங்கரை விட்டு வெளியே வந்தது. பறக்க மட்டும் ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனது.

உடற்கட்டமைப்பு பற்றிய சந்தேகங்கள் ஒரு காரணம். இன்னொன்று பறப்புக் கட்டுப்பாட்டு அமைப்பு. இந்த விமானம் வேண்டுமென்றே நிலைப்பு குறைவாக வடிவமைக்கப்பட்டது. கணினி நொடிக்குப் பலமுறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் பறக்கும். அந்தக் கட்டுப்பாட்டு விதிகளை எழுத 1992ல் என்.ஏ.எல்.லில் ஒரு குழு அமைந்தது. 1998 மே மாதம் போக்ரான் சோதனை நடந்தது, அமெரிக்கா தடை போட்டது, அங்கிருந்து வந்த உதவி நின்றது. மிச்சத்தை நம் ஆட்களே முடித்தார்கள். 2001ல் பறந்ததிலிருந்து 2016ல் படையில் சேரும் வரை ஒரு விமானம்கூட விழவில்லை. தேதிக்காக அவசரப்பட்டிருந்தால் இதைச் சொல்ல முடியுமா?

ஒரு வேலைக்கு எஸ்டிமேட் தப்பாகிற இடம் பெரும்பாலும் தெரிந்த பகுதி இல்லை, இதுவரை யாரும் செய்து பார்க்காத பகுதி. அதை நாள் கணக்கில் சொல்லச் சொன்னால் வருவது ஆசைதான், கணக்கு இல்லை. மனிதர்களுக்கு இது பொதுக்குணம் என்று கானமன், ட்வெர்ஸ்கி இருவரும் 1979லேயே எழுதினார்கள்.

தேஜஸ் பறந்த அடுத்த மாதம், 2001 பிப்ரவரியில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பதினேழு பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். 2002ல் ஜேம்ஸ் கிரென்னிங் 'பிளானிங் போக்கர்' முறையை எழுதினார். ஒரு வேலையைச் சொன்னதும் எல்லோரும் ஆளுக்கொரு சீட்டை எடுத்து ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். மேனேஜர் "ரெண்டு நாள் போதும்ல?" என்று முதலில் சொல்லி மற்றவர் வாயை அடைக்க முடியாது. ஒருவர் 3 காட்டி இன்னொருவர் 13 காட்டினால் அந்த இரண்டு பேரும் ஏன் என்று விளக்க வேண்டும். அந்தப் பேச்சில்தான் தெரியாத பகுதி வெளியே வரும்.

சீட்டில் இருக்கும் 1, 2, 3, 5, 8, 13 என்ற எண்களை ஃபிபொனாச்சி வரிசை என்கிறோம். அவர் எழுதியது 1202ல். குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று வைத்தால் ஒரு அடியை எத்தனை விதமாக அமைக்கலாம் என்று எண்ணி, அதற்கு முன்பே, 1150 வாக்கில், குஜராத்தின் ஹேமசந்திரர் இதே வரிசையைச் சொல்லிவிட்டார். வேலை பெரிதாக ஆக சீட்டுகளுக்கு இடையே இடைவெளியும் பெரிதாகும். பெரிய வேலையில் 14ஆ 15ஆ என்று சண்டை போடுவதில் பிரயோஜனம் இல்லை என்பதை எண்களே சொல்லிவிடும்.

இந்த எண்கள் நாட்கள் அல்ல, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்ட அளவு. நாள் கணக்கு வேறு இடத்திலிருந்து வரும். கடந்த நாலைந்து ஸ்பிரின்ட்களில் முழுசாக முடித்தது எத்தனை புள்ளி என்று பாருங்கள். முக்கால்வாசி முடிந்தது கணக்கில் சேராது. அந்தச் சராசரியை வைத்து "ஆறிலிருந்து எட்டு வாரம்" என்று வீச்சாகச் சொல்லுங்கள். யாருமே செய்து பார்க்காத வேலை என்றால், சோதனை விமானம் கட்டியதுபோல, ரெண்டு நாள் சின்னதாகச் செய்து பார்த்துவிட்டு அப்புறம் சீட்டை எடுங்கள். ஆனால் புள்ளிகளை அப்ரைசலோடு முடிச்சுப் போட்டால் அவ்வளவுதான். 3 எல்லாம் 5 ஆகும், 5 எல்லாம் 8 ஆகும்.

ஊரை விட்டு வந்து இங்கே குடும்பம் நடத்துகிற நமக்கு இது ஆபீஸோடு முடிகிற விஷயம் இல்லை. தப்பான எஸ்டிமேட்டை யாரும் காசு கொடுத்துச் சரிக்கட்டுவதில்லை. பொங்கலுக்கு எடுத்த டிக்கெட்டை கேன்சல் செய்து, பிள்ளையின் ஆண்டு விழாவுக்குப் போகாமல், ஞாயிற்றுக்கிழமைகளை விற்றுத்தான் அதைச் சரிக்கட்டுகிறோம். அதனால் அடுத்த முறை "எத்தனை நாள்?" என்று கேட்டால் உடனே ஒரு எண்ணைச் சொல்லாதீர்கள். "இதில் நமக்குத் தெரியாதது எது?" என்று முதலில் கேளுங்கள். ஊருக்கு டிக்கெட் எடுப்பது அப்புறம் சுலபம்.