நுகமும் பட்டையும்

கல்வராயன் மலையின் கடுக்காயும் புளியும் தேனும் சாமையும் தலைமுறை தலைமுறையாகத் தலைச்சுமையாகவே கீழே இறங்கிவந்தன. ஏனெனில், மாட்டுவண்டியின் பிரயாணம் கச்சிராயபாளையம் போன்ற அடிவாரத்து ஊர்களோடு முடிந்துவிடும். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்கும், அதற்கப்பால் சேலம்–விருத்தாசலம் ரயில் பாதையிலுள்ள சின்னசேலத்துக்கும் சரக்கைச் சேர்க்கக் கட்டைவண்டியே ஆதாரமாக இருந்தது.

அவ்வண்டியில் சகலமும் பொருத்து வேலைதான். கருவேலங்கட்டையில் குடம் கடைந்து, அதில் ஆரக்கால்களை அறைந்து, அவற்றின் தலையில் வட்டைகளைக் கோத்துச் சக்கரமாக்கும்வரை தச்சரின் பொறுப்பு; பிறகு கொல்லர் வருவார். சக்கரத்தின் சுற்றளவுக்குச் சற்றே குறைவாக வளைத்த இரும்புப் பட்டையை வறட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, நாலைந்து பேர் இடுக்கிகளால் தூக்கிவந்து சக்கரத்தின்மேல் இறக்கித் தட்டி, மரம் புகைந்து கருகத் தொடங்கும் அந்த க்ஷணத்திலேயே தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு குளிர்ந்து சுருங்க, மூட்டுகள் ஒவ்வொன்றும் முறுகிக்கொண்டு இறுகும் ஓசை கேட்கும். குண்டும் குழியுமான பாதையில் வருஷக்கணக்காகக் குலுங்கப்போகிற சக்கரத்துக்கு அந்த இறுக்கமே ஆயுள். ஏட்டுக் கல்வி இல்லாத கைகள் உஷ்ணத்தையும் உலோகத்தையும் இவ்வளவு நுட்பமாக அறிந்திருந்தது நம் நாட்டின் பெருமைகளில் ஒன்று என்றே கருதுகிறேன்.

ஆனால் கட்டைவண்டிக்கு வில் கிடையாது. ஏர்க்கால் வண்டியின் உடலோடு இறுகப் பிணைந்திருப்பதால், சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அந்த அதிர்ச்சி நேரே நுகத்தடிக்கு ஏறி மாட்டின் பிடரியில் இறங்கும். முன்பாரம் மிகுந்தால் கழுத்து நசுங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். ஆகவே மூட்டையை ஒரு சாண் முன்னே தள்ளுவதா, பின்னே இழுப்பதா என்று பார்த்துப் பார்த்து அடுக்குகிறவரே நல்ல வண்டிக்காரர். அந்த ஜாக்கிரதை இல்லாதவருடைய மாடுகளின் பிடரியில் புண் ஆறுவதேயில்லை.

பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநராயிருந்த என். எஸ். ராமசுவாமி, வண்டியையும் நுகத்தையும் சீர்திருத்தி இந்த வாதையைக் குறைக்கவேண்டும் என்று 1970-களிலிருந்து இடைவிடாமல் வற்புறுத்திவந்தார். டயர் வண்டி குலுக்கலைப் பெரிதும் தணித்தது. பின்னர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலைக்குக் கரும்பேற்றும் வேலையை டிராக்டர்கள் எடுத்துக்கொண்டன. மாடுகளுக்கு அது விமோசனமே.

எனினும், பட்டை போடத் தெரிந்த முதியவர்கள் கள்ளக்குறிச்சிச் சீமையில் எங்கேனும் இருந்தால், அவர்களிடம் அந்த வித்தையைக் கேட்டு, வண்டியின் உறுப்புகளுக்கு அவர்கள் வழங்கும் பெயர்களோடு எழுதிவைக்குமாறு அவ்வூர் இளைஞர்களை வேண்டிக்கொள்கிறேன்.