வானலையில் கணவனும் மனைவியும்

புத்தளத்தின் பெயர் சொன்னால் உப்பே முதலில் நினைவுக்கு வரும். அவ்வுப்பு வானொலிக்கும் துணை செய்வதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உவர்நீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும். ஆகவே, கடலோரத்தில் நாட்டிய கம்பத்தினின்று எழும் அலை, தரையில் வீணே அடங்காமல் நீர்ப்பரப்பின் மேல் நெடுந்தூரம் செல்லும். 1978இல் புத்தளத்தில் 400 கிலோவாற்று ஆற்றலுள்ள மத்திய அலை நிலையம் ஒன்று இயங்கத் தொடங்கியது. சிலாபத்துக்கு அண்மையிலுள்ள இரணவிலவில் அமெரிக்காவின் குரல் அமைத்த நிலையம் 2016இல் மூடப்பட்டது.

இத்தகைய நிலையங்களுக்கு அரசும் பெரும் பொருளும் வேண்டும். ஆனால் அமெச்சூர் வானொலியாளருக்கோ, தென்னையிற் கட்டிய ஒரு கம்பியும், மின்குமிழ் ஒன்றை எரிக்கப் போதுமான நூறு வாற்று ஆற்றலுமே கடல் கடந்து பேசப் போதும். உப்புக்காற்று அக்கம்பியை அரித்துவிடும் என்பது வேறு கதை.

இலங்கையின் ஒலிபரப்பே இத்தகைய ஆர்வலர் கையிற் பிறந்ததுதான். தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், சிறைப்பட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கருவிகளைக் கொண்டு 1923இல் கொழும்பில் சோதனை ஒலிபரப்பு நிகழ்த்தினார். வானொலி ஆர்வலருக்கென ஒரு கழகத்தையும் அவரே அமைத்தார். மறு ஆண்டில் சென்னையில் கிருஷ்ணசாமிச் செட்டியார் அதே வழியிற் சென்றார்.

இத்துறையில் ஒவ்வொருவருக்கும் தேர்வு உண்டு. தேறியவருக்குத் தனி அழைப்புக்குறியும் உண்டு. இலங்கையருடைய குறி 4எஸ்7 என்று தொடங்கும். மனைவி கணவனின் குறியைத் தன்னதாகக் கொள்ள இயலாது. அவள் தானே தேர்வெழுதித் தன் குறியைப் பெறல் வேண்டும். குடும்ப அட்டையிற் கூடக் கணவன் பெயருக்குப் பின் நின்ற பெண், வானலையிலே தனித்து நின்றாள். ஆயினும் ஆடவர் பேச்சு மரபு எளிதில் மாறவில்லை. வானொலியிற் பேசும் பெண்ணை ‘இளநங்கை’ என்றும், மனைவியை ‘முன்னாள் இளநங்கை’ என்றும் சுருக்கெழுத்தில் குறித்தனர். வேடிக்கைதான், அதில் ஒரு குத்தலும் இல்லாமலில்லை. 1939இல் அமெரிக்கப் பெண் வானொலியாளர் தமக்கெனத் தனிச் சங்கம் கண்டனர்.

இந்தியாவில் இராஜீவ் காந்தியின் குறி வீயூ2ஆர்ஜி. அவர்தம் துணைவியார் சோனியாவின் குறி வீயூ2எஸ்ஓஎன். பின்னதில் நிற்பவை அவருடைய சொந்தப் பெயரின் முதல் மூன்று எழுத்துக்கள். கணவர் பெயரின் நிழல் அதில் இல்லை. 2004 டிசம்பரில் அந்தமானுக்கு வானொலிக் குழுவொன்றை நடத்திச் சென்றவரும் ஒரு பெண்மணியே, பாரதி பிரசாத். உலகோடு பேசி மகிழக் கொண்டுசென்ற அவர் கருவி, 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின் உற்றாரைத் தேடுவோர்க்குச் செய்தி சுமந்தது.

தம்பதியர் எனில் அமெரிக்கரான லாயிட் கொல்வின், ஐரிஸ் கொல்வின் இருவரையும் விட்டுவிட முடியாது. நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து இருவரும் வானலையிற் பேசினர். தொடர்புகள் ஏறத்தாழப் பத்து இலட்சம். தொடர்பை உறுதி செய்யும் அஞ்சலட்டைகள் அவர்கள் இல்லத்தில் மலையெனக் குவிந்தன. வானொலியாளர் விடைபெறும்போது ‘73’ என்பர். அன்புக்குரியவரிடம் ‘88’ என்பர். லாயிட் 1993இல் துருக்கியில், அத்தகைய பயணமொன்றின் போதே காலமானார். ஐரிஸ் 1998 வரை வாழ்ந்தார்.