கையால் அடித்த உலோகச் சமிக்கி

பூத்தையலோடு சேர்த்துத் துணியில் தைக்கப்படும், நடுவில் துளையுள்ள சிறு மின்னும் வட்டு சமிக்கி. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் பிளாஸ்டிக். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துச் செல்வர்கள் அணிந்தது வெள்ளி, அல்லது பொன்முலாம் ஏறிய வெள்ளி. ஆடை மின்ன வேண்டும் என்ற ஆசை என்னவோ அதைவிடப் பல மடங்கு பழையது. 1922இல் கண்டெடுக்கப்பட்ட எகிப்து மன்னர் துட்டன்காமனின் கல்லறையிலும் பொன்வட்டுகள் தைத்த ஆடைகள் இருந்தன.

17ஆம் நூற்றாண்டுச் சமிக்கி ஒன்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், துளையிலிருந்து விளிம்புவரை மெல்லிய பிளவு ஓடுவது தெரியும். பழுது என்று தோன்றும்; ஆனால் செய்முறையையே அதுதான் சொல்லிவிடுகிறது. பொன் போர்த்திய வெள்ளிக் கோலைத் துளைத் தகட்டின் வழியே மேலும் மேலும் சிறிய துளைகளில் இழுத்துக் கம்பியாக்குவார்கள். கம்பியை ஓர் எஃகுக் கோலில் நெருக்கமாகச் சுற்றி, சுருளை ஒரு பக்கமாக வெட்டினால் வளையங்கள் உதிரும். ஒவ்வொன்றையும் வழவழப்பான எஃகுப் பட்டடையில் வைத்துச் சுத்தியலால் அடித்தால் உலோகம் பரவி வட்டாகும். நடுத்துளை சுருங்கும், வளையத்தின் இரு முனைகளும் சந்தித்த இடம் பிளவாக நிற்கும். அடி சாய்ந்தால் ஒரு பக்கம் தகடாய் மெலிந்துபோகும். சுத்தியல் முகத்தில் கீறல் இருந்தால் அது அப்படியே சமிக்கியிலும் பதியும்.

தகட்டிலிருந்து வட்டமாக வெட்டியெடுக்கும் முறையும் உண்டு. ஆனால் அதில் துண்டுத்தகடு மிஞ்சும். உருக்கித்தான் மீட்க வேண்டும். கம்பி முறையில் கழிவு அநேகமாக இல்லை. வெள்ளியை எடைபோட்டுக் கணக்குப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

அந்தக் கணக்கு ஆடை பழசான பிறகும் தொடர்ந்தது. 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில் சீமாட்டிகள் பொன்னிழைகளைப் பிரித்தெடுத்து விற்பதையே பொழுதுபோக்காக்கினார்கள். பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காக விலை பேசும் வழக்கம் அறிந்த நமக்கு இதில் வியப்பில்லை. இப்படிப் பிரித்தெடுத்ததாலேயே எஞ்சிய ஆடைகள் மிக அரியவை.

அவற்றில் ஒன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள, மார்கரெட் லேட்டன் என்ற ஆங்கிலப் பெண்மணியின் சட்டை. 1610க்கும் 1615க்கும் இடையில் தைக்கப்பட்டது. அதை அணிந்தபடி அவர் இருக்கும் ஓவியமும் அங்கேயே உள்ளது. ஆடையும் ஓவியமும் சேர்ந்து பிழைத்திருப்பது பெரும் பேறு.

மெழுகுவர்த்தி ஒளிக்கு எது எடுக்கும் என்பதை ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன் 1625இல் எழுதியிருக்கிறார்: விலையுயர்ந்த பூத்தையல் கண்ணுக்கே படாமல் போய்விடும், மலிவான சமிக்கிதான் ஜொலிக்கும் என்பது அவர் கருத்து. கையால் அடித்த வட்டுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை; ஒவ்வொன்றும் வெவ்வேறு கோணத்தில் ஒளியைத் திருப்புவதால் ஆள் அசையும்போதெல்லாம் மினுக்கு இடம் மாறும்.

20ஆம் நூற்றாண்டில் ஜெலட்டின் சமிக்கி வந்தது. எடை குறைவு, நனைந்தால் கரையும், சூட்டில் உருகும். பிறகு வந்த பிளாஸ்டிக் அதையும் ஓரங்கட்டியது.

பழைய முறைக்கு மறுவாழ்வு தந்தவற்றுள் முக்கியமானது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிளிமத் பிளான்டேஷன் அருங்காட்சியகம் 2007இல் தொடங்கிய முயற்சி. லேட்டன் காலத்துச் சட்டை ஒன்றைத் தன்னார்வலர்கள் ஊசியும் நூலுமாக மீண்டும் உருவாக்கினார்கள்; ஆயிரக்கணக்கான சமிக்கிகளும் அதற்குத் தேவைப்பட்டன. இவ்வேலையில் இறங்குவோர் முதலில் தீர்மானிக்க வேண்டியது முலாம் எப்போது என்பதை. அடித்து முடித்தபின் முலாமிட்டால் பிளவின் உட்புறமும் பொன்னாகிவிடும். கம்பியாக இழுக்கும் முன்பே பொன் ஏற்றியிருந்தால், வெட்டுவாயில் வெள்ளியின் வெண்மை தெரியும்.