மோட்டார் இல்லாத குளிர்சாதனப் பெட்டி

மோட்டாரே இல்லாமல், சிறு நெருப்பை வைத்தே குளிரூட்டும் பெட்டி ஒன்று உண்டு தெரியுமா?

அம்மோனியாவும் தண்ணீரும் கொண்ட இந்த முறைக்கு, பிரான்சின் ஃபெர்டினாண்ட் கார்ரே 1860ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். 1922ல் ஸ்டாக்ஹோம் மாணவர்கள் பால்ட்சர் வான் பிளாட்டனும் கார்ல் முன்ட்டர்ஸும் ஹைட்ரஜனையும் சேர்த்து, பம்பே வேண்டாம் என்று காட்டினார்கள். 1925ல் எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு வீடுகளில் மோட்டார் பெட்டியே வென்றது. ஆனால் எரிவாயுவிலும் இயங்கும் என்பதால், அமெரிக்கர்கள் சமையலறை, படுக்கையோடு ஊர் சுற்றும் வீட்டு வண்டிகளில் இதற்கு இடம் கிடைத்தது.

பம்பு இல்லாததே இதன் பலம், பலவீனமும் அதுவே. உள்ளிருக்கும் திரவம் தானாக வழிந்துதான் கொதிகலனுக்குத் திரும்ப வேண்டும். வண்டியைச் சரிவில் நிறுத்தினால் திரவம் வழியிலேயே தேங்கிவிடும். நெருப்போ எரிந்துகொண்டே இருக்கும். கொதிகலன் அளவு மீறிச் சூடாகும். துருவைத் தடுக்கக் கலந்த சோடியம் குரோமேட் கட்டியாகிக் குழாயை அடைக்கும். அதன்பிறகு சமதரையில் நிறுத்தியும் பயனில்லை.

அடைப்பாவது பெட்டியோடு போகும். விரிசல் விட்டால் தீ! கொதிகலன் குழாயில் விரிசல் விழலாம் என்று, 2006ல் அமெரிக்காவில் டொமெட்டிக் நிறுவனம் 9 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகளைத் திருத்தித்தர அழைத்தது.

இன்று சூடு மீறினால் நெருப்பை அணைக்கும் உணரிகள் கிடைக்கின்றன. வணிகவியல் மாணவனாக எனக்குத் தோன்றுவது இதுதான்: நட்டக் கணக்கில் பெட்டியின் விலையை எழுதலாம், உள்ளே தூங்கும் குடும்பத்தை எந்தப் பத்தியில் எழுதுவது? சமதரை பார்த்து நிறுத்துவதற்குச் செலவே இல்லை.