பிரவுனிங் கைத்துப்பாக்கி

அமெரிக்கரான ஜான் மோசஸ் பிரவுனிங் (1855–1926) வடிவமைத்து, பெல்ஜியத்தில் லியேஜ் நகரை அடுத்த எர்ஸ்டாலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை செய்து விற்ற கைத்துப்பாக்கி வகை. பேச்சில் தானியங்கி என்பர். விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான் போகும் என்பதால் அரைத் தானியங்கி என்பதே பொருந்தும். தென்காசி வட்டார வரலாற்றில் இது இடம்பெற்றது, 1911இல் கலெக்டர் ஆஷைச் சுட்ட செங்கோட்டை வாஞ்சிநாதனால்.

1900ஆம் ஆண்டு மாதிரி 7.65 மி.மீ. தோட்டா ஏழு கொள்ளும். வெடிப்பின் உந்துதலில் மேல்பகுதியான ஸ்லைடு பின்னோக்கிப் போய் வெற்றுக்கூட்டை வெளியே எறியும். ஸ்பிரிங் அதைத் திரும்ப இழுக்கையில் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறும். அந்த ஸ்பிரிங் குழலுக்கு மேலே படுத்திருக்கிறது. ஸ்லைடைத் திருப்புவதும் அதுவே, தோட்டாவைத் தட்டும் ஊசியை முன்தள்ளுவதும் அதுவே. ஒரு ஸ்பிரிங்குக்கு இரண்டு வேலை தந்த இந்தச் சிக்கனம் பார்க்கப் பார்க்க அழகு. ரிவால்வரின் புடைத்த உருளை இதில் இல்லை. தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் அடங்கும். தோட்டா வெடிக்காவிட்டால் ரிவால்வரில் மறுபடி விசையை இழுத்தால் போதும். இதில் ஸ்லைடைக் கையால் இழுத்துவிட வேண்டும்.

ஸ்லைடு ஓடும் தடங்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு தேவை. அதிகம் விட்டால் தூசியும் வெடிமருந்துக் கரியும் ஒட்டிப் பசையாகி ஓட்டத்தைத் தடுக்கும். விடாமலே இருந்தால் துரு ஏறும். ஜூன் தொடங்கிக் குற்றாலச் சாரல் விழும் ஊர்களில் இரும்புச் சாமான் எதுவும் துடைத்து வைக்காமல் தப்பாது. தையல் மிஷினுக்கு விடுவது போன்ற நீர்த்த எண்ணெய் இதற்கு ஏற்றது; தேங்காயெண்ணெய் குளிரில் உறைந்துவிடும்.

இந்திய விடுதலை இயக்கத்துக்குள் இது வந்தது லண்டனில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸ் வழியாக. 1909இல் அங்கு தங்கியிருந்த சாவர்க்கர் அனுப்பிய இருபது பிரவுனிங்குகளில் ஒன்றால் அவ்வாண்டு டிசம்பர் 21 அன்று நாசிக் கலெக்டர் ஜாக்சன் சுடப்பட்டார். அந்த லண்டன் வட்டத்தைச் சேர்ந்த வ.வே.சு. ஐயர் 1910இல் புதுச்சேரி வந்தார். பிற்காலத்தில் 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிய அதே கை, கரடிக்குப்பத்தில் வாஞ்சிநாதனுக்குத் துப்பாக்கி பிடிக்கக் கற்றுத்தந்தது என்பர். வாஞ்சி அப்போது திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்தவர். செங்கோட்டையும் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அவருக்குக் கிடைத்த துப்பாக்கி பாரிஸில் இருந்த புரட்சியாளர் மேடம் காமா அனுப்பியது என்று சிலரும், புதுச்சேரியில் ஏற்கெனவே இருந்தது என்று சிலரும் கூறுவர். மாதிரி எது என்று சொல்லாமல், பெல்ஜிய பிரவுனிங் என்பதோடு நிறுத்துவோரே மிகுதி.

1911 ஜூன் 17 காலை, மணியாச்சி ரயில் சந்திப்பில் முதல் வகுப்புப் பெட்டிக்குள் மனைவியுடன் அமர்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சி மிக நெருங்கிச் சுட்டார். அவ்வளவு அருகில் குறிகாட்டிக்கு வேலையில்லை. ஸ்லைடு தடையின்றி ஓட வேண்டும், அவ்வளவே. பிறகு பிளாட்பாரத்துக் கழிப்பறைக்குள் ஓடி, தன் வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். உடன்வந்தவராகச் சொல்லப்படும் மாடசாமி பிடிபடவே இல்லை. இந்தக் கொலைச் சதிக்காக நீலகண்ட பிரம்மச்சாரி உள்ளிட்ட 14 பேர் மீது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1912இல் நீலகண்டர் ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

வெளிநாடுகளிலும் இக்கருவி இவ்வகையிலேயே பெயர் பெற்றது: 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய ஆளுநர் பாப்ரிகோவ், 1909இல் ஹார்பினில் ஜப்பானிய அரசியல்வாதி இட்டோ ஹிரோபூமி, 1914இல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்ட் ஆகியோர் பிரவுனிங்கால் சுடப்பட்டனர்.

பிரவுனிங் தொடங்கி, அவர் இறந்தபின் மற்றவர்கள் முடித்த 13 தோட்டா கொள்ளும் ஹை-பவர் கைத்துப்பாக்கி 1935இல் வந்தது. அதன் வழிவந்த 9 மி.மீ. கைத்துப்பாக்கியை மேற்கு வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலை இந்தியப் படைகளுக்கும் போலீசுக்கும் செய்து தந்தது. மணியாச்சி இன்று வாஞ்சி மணியாச்சி; செங்கோட்டையில் வாஞ்சிநாதனுக்கு மணிமண்டபம் உள்ளது.